மேசைக்கு இந்தப் பக்கம்

ஆள் எடுப்பது சுலபமான வேலை, எடுக்கப்படுவதுதான் கஷ்டம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். வருகிறவனை மேலும் கீழும் பார்த்து, 'நீ உட்காரு, நீ போகலாம்' என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான் மேசைக்கு இந்தப் பக்கம் கிடக்கும் நாற்காலி எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு நேர்காணல்? என் மனைவி ஜெசிந்தாவைக் கேளுங்கள். மாசாயில் எங்கள் வீட்டு வாசலில் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறாள். வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பறப்பார்கள். எனக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தேன். முட்டையை இப்படி வை, சம்பலை ஓரமாகப் போடு, நீ வரிசையில் நில், உன் மோட்டாரைச் சாக்கடை மூடி மேலிருந்து எடு. நல்லதுக்குத்தான் சொன்னேன். பாதிப் பேர் அடுத்த தெருவில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியை வைத்தால் விஷயம் பெரிது.

"இதோ பாருங்க. கிறிஸ்மஸுக்குள்ள ஒரு வேலை தேடிக்குங்க. இல்லேன்னா நான் யோங் பெங்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களே சம்பல் கிண்டி, நீங்களே உங்களை அதட்டிக்குங்க."

என்னைப் போல் அறுபதைத் தாண்டி, வீட்டில் காலில் இடறும் பொருளாகிவிட்ட நண்பர்களே, இனி வருவது உங்களுக்காக.

சிரித்த முகம்

மகள் ரீத்தா ஜொகூர் பாருவில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நேர்காணல் விஷயமெல்லாம் அவளுக்குத் தெரியும். "அப்பா, உங்க முகத்தைப் பார்த்தா யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. சிரிங்க" என்றாள். சரி, சிரிப்பும் ஒரு வேலைதானே. ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். மேல்பல் தெரிய வேண்டும், கீழ்ப்பல் தெரியக்கூடாது, கண்ணும் கொஞ்சம் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பது ரீத்தாவின் கணக்கு. கண் ஒத்துழைக்கவில்லை. பல்லை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கிற வேலை. எதிரே ஒரு தமிழ்ப் பெண், ரீத்தா வயதுதான் இருக்கும். உள்ளே நுழையும்போதே சிரிப்பை மாட்டிக்கொண்டேன். அவள் என் அனுபவத்தைக் கேட்டாள், சிரித்தேன். கம்ப்யூட்டர் தெரியுமா என்றாள், சிரித்தேன். முன்பு வேலை செய்த இடத்தில் யாராவது காயப்பட்டிருக்கிறார்களா என்றாள். அதற்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள்.

"அங்கிள், பல்லு ரொம்ப வலிக்குதா? பரவால்ல, கிளினிக் போய்ட்டு இன்னொரு நாள் வாங்களேன்."

கருப்பு

சிரிப்பு உதவவில்லை, இளமையாவது உதவும் என்று முடிவு செய்தேன். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் தலைச்சாயம் வாங்கினேன். தடவி அரைமணி நேரம் காத்திருந்து, நன்றாக அலச வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. அரைமணி நேரம் சும்மா உட்காருவதற்கு நான் என்ன புத்தர் சிலையா? கொஞ்ச நேரம் விட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தேன். கண்ணாடியில் ஐம்பது வயது ஆள் ஒருவன் தெரிந்தான். எனக்கே அவனைப் பிடித்திருந்தது.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலுக்குக் கருப்பு சிலுவார், பிளாஸ்டிக் பையில் சுற்றிய சான்றிதழ்கள், மேலே மழைக்கோட்டு. எல்லாம் தயார். பாதி வழியில் மழை கொட்டியது. மழைக்கோட்டு தன் வேலையைச் செய்தது. ஹெல்மெட் செய்யவில்லை. அந்தத் தொழிற்சாலை ஆபீசில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, 'எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை' என்று நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, காதுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஊர்ந்து காலருக்குள் இறங்கியது. எதிரே இருந்த அதிகாரி நல்ல மனிதர். டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"வயசை நான் இன்னும் கேக்கவே இல்லையே அங்கிள். நீங்க ஏன் ஒழுக விடறீங்க?"

பழக்கம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனி. லோரியில் சரக்கு ஏற்றுவதைக் கவனிக்க ஆள் தேவை. எனக்கென்றே செய்த வேலை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். மேனேஜர் இன்னும் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் ஓர் அறையைக் காட்டி, "உள்ள உட்காருங்க அங்கிள்" என்றாள். உட்கார்ந்தேன். முப்பது வருடப் பழக்கம். கால் தானாக மேசையைச் சுற்றிக்கொண்டு போய், கதவைப் பார்த்த பெரிய நாற்காலியில் என்னை உட்கார வைத்தது. வசதியாக இருந்தது. இதில் ஏதோ தப்பு என்று தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் கதவைத் தட்டிவிட்டு வந்தான். நாற்பது வயதிருக்கும். "குட்மார்னிங் சார்" என்று ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினான். நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? பிரித்துப் பார்த்தேன். பெக்கான் நானாஸ் ஊர்க்காரன். அன்னாசித் தோட்டத்தில் லோரிக்கு ஆள் பிரித்து அனுப்பிய அனுபவம். மழை நாளில் சரக்கை எப்படி ஏற்றுவாய் என்று கேட்டேன். பதில் சரியாக இருந்தது. ஆள் வராவிட்டால் என்ன செய்வாய்? அதுவும் சரி. சத்தம் போடுவாயா என்றேன். "தேவைப்பட்டா போடுவேன் சார்" என்றான். அப்போதுதான் வாசலில் கைகட்டி நின்றவரைப் பார்த்தேன். மேனேஜர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. நான் எழுந்து, நாற்காலியைத் தட்டிவிட்டு, நானும் இண்டர்வியூவுக்கு வந்தவன்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அங்கிள், நானா இருந்தாலும் இவரைத்தான் எடுத்திருப்பேன். ரொம்ப தேங்க்ஸ், நீங்க போலாம்."

பலவீனம்

கிறிஸ்மஸ் நெருங்கியது. கூடத்து மூலையில் ஒரு பெரிய பயணப் பை வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெசிந்தாவும் சொல்லவில்லை. நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

இந்தத் தடவை அவளிடம் சொல்லாமல் போனேன். வேலை கிடைத்ததும் வீட்டில் போய் அறிவிப்போம் என்று திட்டம். ஒரு ஹார்ட்வேர் கடை. "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்பார்கள், 'அதிகமாக உழைப்பேன்' என்று சொல்ல வேண்டும் என்பது ரீத்தா கொடுத்த பாடம். கேட்டார்கள். வாயில் பாடம் வரவில்லை. "எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது" என்றேன். முதலாளிப் பையன் சிரித்துவிட்டு, என்னைப் பற்றி யாரிடமாவது விசாரிக்கலாமா என்றான். பழைய கம்பெனி நம்பரைத் தேடச் சோம்பல். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னேன். அவன் ஸ்பீக்கரில் போட்டான். என் பெயரைச் சொல்லி, இவரிடம் என்ன குறை என்று கேட்டான். பொட்டலம் வாங்க வந்து என்னிடம் ஏச்சு வாங்கிய வாடிக்கையாளர் யாரோ புகார் சொல்லக் கூப்பிடுகிறார் என்று ஜெசிந்தா நினைத்துவிட்டாள். பாவம், அவள்மேல் குற்றமில்லை.

"தம்பி, இப்பதான் சம்பலை அடுப்புல ஏத்தியிருக்கேன். முழுசா சொல்லி முடிக்க முடியாதுலா, சாயங்காலம் கூப்பிடுறீங்களா?"

கடைசி நாற்காலி

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஜெசிந்தா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான். அன்று என்னை ஏசக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சில நாள் கழித்து, பக்கத்து அடுக்குமாடி வீடுகளின் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. கேட்டில் ஜாகா வேலை, காவலுக்கு நின்று வரும் வண்டிகளைக் கவனிக்க வேண்டும். ரீத்தாவைக் கேட்கவில்லை. சிரிப்பு, சாயம் எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கப் பதில்களைத் தயாரித்தேன். தீப்பிடித்தால், திருடன் வந்தால், லிஃப்ட் நின்றால். போய்ப் பார்த்தால், மேசைக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம். சேகர். சாக்கடை மூடி மேல் மோட்டாரை நிறுத்தி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஆள். இதுவும் போச்சு என்று எழுந்தேன். யோங் பெங் பஸ் புறப்படும் சத்தமே காதில் கேட்டது.

"உட்காருங்க அங்கிள். இங்க கண்ட இடத்துல காரை நிறுத்துறாங்க, சொன்னா யாரும் கேக்கறதில்ல. அன்னைக்கு நீங்க போட்ட சத்தத்துக்கு அப்புறம் நான் எங்கயுமே தப்பா நிறுத்தறதில்ல. கேள்வியெல்லாம் போன வாரமே ஆண்ட்டிக்கிட்ட கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் விடணும்னாங்க, சரின்னுட்டேன்."

வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அந்தப் பை திறந்து கிடந்தது. ஜெசிந்தா அதிலிருந்து கிறிஸ்மஸ் பலகார டின்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் நான் சுற்றிச் சுற்றி நடந்தது காலி டின்களை. வேலை கிடைத்துவிட்டது, காலை ஆறு மணிக்குப் போக வேண்டும் என்று கம்பீரமாக அறிவித்தேன். அவள் நிமிரவே இல்லை.

"ஆறா? கடை திறக்கறதுக்கு முன்னால, அஞ்சரைக்கே உங்களை எடுத்துக்கச் சொல்லி சேகர்கிட்ட சொல்லியிருந்தேனே!"

இவ்வளவு தயாரிப்புக்கும் பிறகு நான் தேறிய ஒரே நேர்காணல், நான் போகாமல் என் மனைவி போன அந்த ஒன்றுதான்.