மூலைச் சிப்பாய்

மேனேஜரின் சதுரங்கப் பலகையில் ஒரு கறுப்புச் சிப்பாய்க்குத் தலையில் சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். அது என்னால் வந்தது.

தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஆட்களிடம் பேச அன்றும் இன்றும் கூச்சம். ஞாயிறு மதியங்களில் எங்கள் மேனேஜரும் அவருடைய நண்பரான ஆடிட்டரும் வரவேற்பறையில் ஆடுவார்கள். இருவருக்கும் நாகர்கோவில் பக்கம். துடைப்பத்தோடு நின்று பார்த்தே காய்கள் போகும் வழியைத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் ஆடிட்டர் ரயிலுக்கு எழுந்தார். "அடுத்தது என் மூவ். நாலே மூவுல உம்ம ராஜா காலி, ஓய். கண்டுபிடிச்சா போன் பண்ணும்."

மேனேஜர் காய்களை அப்படியே விட்டுவைத்தார். மறுநாள் மேசையைத் துடைக்கையில் துணி பட்டு அந்தச் சிப்பாய் தரையில் விழுந்து உருண்டது. எடுத்தேன். ராஜாவுக்குப் பக்கத்தில், ஓர வரிசையில் இருந்தது தெரியும். எந்தக் கட்டம் என்பது நினைவில்லை. தோன்றிய இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

வாரம் முழுக்க மேனேஜர் அந்த நாலு மூவைத் தேடினார். கிடைக்கவில்லை. "சும்மா விட்ட வெடிடே. இத்தன வருஷப் பழக்கம், என்னயே ஏய்க்காரு மனுசன்." ஆடிட்டரின் போனை எடுப்பதையும் நிறுத்தினார். சனிக்கிழமை என்னிடம், "நாளைக்கு அவரு வந்தா நான் இல்லேன்னு சொல்லிரு" என்றார்.

சிப்பாயைத் தட்டிவிட்டது நான்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தக் கட்டம் என்று கேட்டால்? அவர் சாப்பிடப் போனதும் பலகை முன் உட்கார்ந்தேன். ஆடிட்டர் சொன்னது மெய்யானால், அந்த நாலு மூவே சிப்பாயின் இடத்தைக் காட்டிவிட வேண்டும் அல்லவா? ஆடிட்டரின் வெள்ளைக் குதிரையால் செக் வைத்தேன். மூலையிலிருந்த ராஜா, சிப்பாய் முன்னேறி நின்றதால் காலியாயிருந்த கட்டம் வழியே தப்பினார். சிப்பாயை ஒரு கட்டம் பின்னால், ஆட்டத் தொடக்கத்தில் அது நிற்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். வழி அடைபட்டது. யானை குதிரையை வெட்டினால் வெள்ளை ராணி கடைசி வரிசைக்கு வந்து இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். ஆகவே ராஜா பக்கத்துக் கட்டத்துக்குத்தான் போக வேண்டும். குதிரை விலகியதும், அதுவும் பின்னாலிருந்த ராணியும் சேர்ந்து செக். ராஜா மறுபடி மூலைக்கு. மூன்றாவதாக ராணியையே ராஜாவின் பக்கத்தில் வைத்தேன். குதிரையின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது. யானை வெட்டி, அந்த இடத்தையும் தானே அடைத்தது. குதிரை திரும்பி வந்தது. ராஜா தன் ஆட்களுக்கு நடுவிலேயே அசைய முடியாமல் நின்றார்.

மேனேஜர் வந்ததும், "சாரே, இதத் தட்டிவிட்டது நான்தான்" என்றேன்.

"எப்பம்?"

"திங்கக்கிழமை."

"பின்னே இது எங்க நின்னுதுன்னு ஒனக்கு எப்பிடிடே தெரியும்?"

காய்களை நகர்த்திக் காட்டினேன். மூன்று முறை காட்டச் சொன்னார். பிறகு போனை எடுத்தார். "ஓய், நான் தோத்துட்டேன். ஒரு வாரமா உம்மக் கள்ளன்னு நெனச்சிருந்தேன்." நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது: "அந்தச் சிப்பாய நீரு கடைசிவரை தொடவே இல்லியே, ஓய்!"

இப்போது மேனேஜர் ஓய்வு பெற்றுக் கரமனையில் இருக்கிறார். ஞாயிறுகளில் ஆடிட்டர் அங்கே வருகிறார், நானும் போவேன். முதல் காயைத் தொடும் முன் மேனேஜர் அந்தப் பெயர்ந்த தலையில் விரல் வைத்து, "டே, இது இங்கதானே?" என்பார். ஆடிட்டர் சிரிப்பார். நான் உடனே தலையாட்டுவதில்லை. ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.