இரண்டு அறையா, மூன்று அறையா

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான். குடிச் சண்டை இல்லை, மாமியார் மருமகள் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரைச் சண்டை. தகர ஷீட்டா, கான்கிரீட்டா? சோற்றில் கை வைத்தால் அது, துணி காயப்போட்டால் அது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியே சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, ஊடு கட்டப் போறீங்களா? சொல்லவே இல்ல!" என்று கேட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இங்கே இருப்பது எட்டாம் வகுப்பு வரைக்குமான அரசுப் பள்ளி. அதன் இரண்டு கட்டடங்களில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகி, சுவர் விரிசல் விட்டு, ஒருவழியாக அந்தக் கோடையில் இடித்துத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கம் போட்டுப் புதிதாகக் கட்டித் தரும் திட்டம் ஒன்று வந்தது. கம்பெனி வேலைக்குப் போகிற வீடுகள்தானே எல்லாம், ஆளாளுக்குக் கொடுத்தோம். அதுவரைக்கும் ஊர் ஒற்றுமையைப் பார்த்துக் கண் பட்டிருக்கும். எஞ்சினியர் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "இந்த டப்புக்கு கான்கிரீட் தளம் போட்டா ரெண்டு ரூம்தாம்மா வரும்" என்றாரே, அங்கே பிடித்தது சனி.

எங்களுக்கு வேண்டியது மூன்று. மூன்று அறை இருந்தால்தான் ஒன்பதாம் வகுப்பு கேட்டு மனுப் போடவே முடியும் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பையன்கள் எட்டு முடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் பறந்துவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் லாரி போகிற ரோட்டைத் தாண்ட வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் ஏதாவது கம்பெனியில் பேக்கிங் வேலை. நானே அப்படி எட்டோடு நின்றவள்தான். ஒரு கம்பெனி கேண்டீனில் ஷிப்டுக்கு ஷிப்டு தோசை சுடுகிறேன். வேலையில் குறைச்சல் ஒன்றுமில்லை, ஆனால் என் மகள் அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

என் வீட்டுக்காரருக்கும் அதே ஆசைதான். அதனால்தான் சண்டை அவ்வளவு பெரிதானது.

அவருக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி 'டம்' என்று ஒரே அடியில் வண்டிப் பாகமாக்கித் தள்ளும் மெஷின்கள். அதன் பக்கத்திலேயே நின்று நின்று மனுஷனுக்குப் பேச்சே கத்தலாகிவிட்டது. ரகசியம் சொன்னால் தெருமுனை டீக்கடையில் சிரிப்பார்கள். காது மந்தம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "யாருக்கு? எனக்கா? நீ முணுமுணுன்னு பேசிக்கினு இருந்தா எவனுக்குக் கேக்கும்?" என்று பாய்ந்து வருவார். கம்பெனியில் தெரிந்து, டெஸ்ட் எடுத்து, மெஷினை விட்டுத் தூக்கிவிட்டால் ஓவர்டைம் போய்விடும் என்ற பயம். அது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரியே அவரோடு கத்திப் பேசிப் பழகிவிட்டோம்.

இந்த மனுஷன்தான் ஷீட்டுக் கட்சிக்குத் தலைவர்.

"எங்க ஷெட்ட வந்து பாருமே! கோடிக்கணக்குல மெஷின வாங்கிப் போட்டுக்கினு கீறான், மேல இன்னா? ஷீட்டு! அவன் இன்னா கேனயனா? ஷீட்டு போட்டா அதே காசுல மூணு ரூம் வரும். புள்ள இங்கியே ஒன்பதாவது படிப்பா."

"கோடையில அடுப்பா காயுமேய்யா."

"ஃபேன் போடு."

"ஃபேன் அனல் காத்தத்தான் அடிக்கும்."

"நான் வேல செய்யல? செத்தா பூட்டேன்?"

ஊரில் இருந்த அப்பாக்கள் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம். எல்லோரும் ஷெட்டுக்குள் வேலை செய்கிறவர்கள், ஷெட்டின் அருமை தெரிந்தவர்கள். ஷீட்டுக் கூரை என்றால் மேலிடத்தில் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதுவும் பெற்றோர் குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தால்தான் கேட்டுப் பார்க்க முடியும் என்றார் எஞ்சினியர். அந்தக் குழுவுக்கு ஒரு அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி. அந்தப் பேஜாரு பிடித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

தலைமை ஆசிரியை ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், மழை வந்தால் ஷீட்டுக்குக் கீழே பாடம் நடத்த முடியாது என்று. அவருக்கு மெல்லிய குரல். என் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்: "கொஞ்சம் சத்தமா பேசுங்க டீச்சர், பழகிடும். எங்களுக்கெல்லாம் பழகல?" மற்ற அப்பாக்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கான்கிரீட்டுப் பக்கம் இருந்த ஒரே ஆம்பிளை மளிகைக் கடை பாய்தான். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், எங்கள் ஊருக்கு வந்து கடை போட்டவர். பேத்தி மூன்றாம் வகுப்பு. அவருக்கு எதையும் சொன்ன விலைக்கு வாங்கினால் தூக்கம் வராது. எஞ்சினியரிடமே கத்தரிக்காய் பேரம் மாதிரி ஆரம்பித்துவிட்டார். "சார், ரெண்டுன்னு சொல்றீங்க. எனக்கும் வாணாம், உங்களுக்கும் வாணாம், ரெண்டரைன்னு வெச்சுக்கலாமா?" எஞ்சினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டரை ரூம்ல எப்படிங்க பாய் உக்கார்றது?" பாய் விடவில்லை. "அப்போ அந்த அரைய வேற வழியில குடுங்க. சும்மா உடக் கூடாது சார், கேட்டுக்கினே இருக்கணும்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். நல்ல மனுஷன். தலைவியான பிறகு எனக்குக் கடையில் டீத்தூளுக்குக் கூட விலை குறைக்கவில்லை, அது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்னால் எனக்கே மனசு இரண்டாகத்தான் கிடந்தது. வெளியே கான்கிரீட் கான்கிரீட் என்று கத்தினேனே தவிர, மகள் யூனிபார்மை மடித்து வைக்கும்போதெல்லாம் இவர் சொல்வதுபோல மூன்று அறையே வந்துவிட்டால் என்ன என்று தோன்றும். வெயில்தானே, பிள்ளைகள் தாங்காதா? நாங்கள் தாங்கவில்லையா?

தீர்மானக் கூட்டம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. மிச்சமிருந்த கட்டடத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை, பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிற தகரக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அப்பாக்கள் ஒரு பக்கம், ஷிப்டு முடிந்து அப்படியே யூனிபார்மோடு வந்தவர்கள். அம்மாக்கள் ஒரு பக்கம். ஒன்பதாம் வகுப்பு வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பெண்கள் சேர்ந்து எழுதியதை என் மகள் படிப்பதாக ஏற்பாடு. காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அவள் எழுந்து நின்று, "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தாள். மழை பிடித்துக்கொண்டது.

என்ன மழை! அந்த வருஷத்து முதல் பெரிய மழை. தகரத்தில் கூடை கூடையாக ஜல்லியைக் கொட்டின மாதிரி சத்தம். அம்மாக்கள் காதில் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். தலைமை ஆசிரியை என்னிடம் ஏதோ சொன்னார், உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

அப்பாக்கள் பக்கம் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள்! யாருக்கும் மழை வந்ததே தெரிந்த மாதிரி இல்லை. ஷாப் வழக்கத்தில் ஒருத்தர் காதில் ஒருத்தர் வாயை வைத்துக் கத்திக்கொள்கிறார்கள், கட்டை விரலைத் தூக்கி ஓகே என்கிறார்கள், கையை அறுக்கிற மாதிரி வீசி வேண்டாம் என்கிறார்கள். ஒருத்தர் தூரத்தில் இருந்தவரிடம் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி டீ உண்டா என்று கேட்கிறார். அவர்களுக்கு அது தினமும் ஷாப்பில் கேட்கிற சத்தம்தான். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையில் முகம் அப்படியே பூரித்திருந்தது.

மகள் இரண்டு வரி படித்தாள். நிறுத்தினாள். காகிதத்தைக் கீழே இறக்கினாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்டது. அவளுடைய அப்பாவைப் பார்த்து, முழுத் தொண்டையில் கத்தினாள்: "நைனா, நான் பேசறது கேக்குதா? கேக்கலன்னா கைய தூக்கு!"

அவர் கை தூக்கவில்லை. சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், சூப்பர் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு மழை விடுகிற வரைக்கும் அப்படியே நின்றாள். என்னைப் போலப் பிடிவாதக்காரி.

மழை விட்டது. பொட்டுப் பொட்டென்று ஓரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும். கூட்டத்தில் அப்பாக்கள் இன்னும் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் ஒவ்வொருத்தராகச் சுதாரித்துக் குரலைக் குறைத்தார்கள்.

"நைனா," என்றாள் மகள். "நான் இன்னா படிச்சேன்?"

"சூப்பரா படிச்சம்மா! ஒன்பதாவது வேணும்னு..."

"ரெண்டு வரிக்கு மேல நான் படிக்கவே இல்ல நைனா. கேக்கலன்னா கைய தூக்குன்னு சொன்னேன். ஒருத்தரும் தூக்கல."

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அத்தனை வருஷம் வீட்டுக்குள் நாங்கள் மூடி மூடி வைத்தது, கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் நடுவில் வந்து விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் ஒருத்தர் கூட அங்கே உட்கார்ந்திருந்தார். இவர் இப்போது எழுந்து கத்தப் போகிறார், என் கையையோ அவள் கையையோ பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று பயந்தேன்.

அவர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். மேலே தகரத்தைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்துக்கொண்டே வலது கையை மெதுவாகத் தூக்கினார்.

கீழே இறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்த, கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர் தூக்கினார். பின்னால் ரோலிங் மில்லில் வேலை செய்கிற இரண்டு பேர். அப்புறம் இன்னும், இன்னும். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர், அவரும் தூக்கினார்.

"கான்கிரீட்டுன்னு எழுதிக்கோமே," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கே வழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னார். எனக்குப் பேனா ஓடவில்லை, தலைமை ஆசிரியைதான் வாங்கி எழுதினார்.

இரண்டு அறைதான் வந்தது. பாய் கேட்டுக்கொண்டே இருந்தார் இல்லையா, அதற்கும் பலன் இருந்தது. அஸ்திவாரத்தைக் கெட்டியாகப் போட்டு, பின்னால் மாடி எழுப்பத் தோதாகத் தூண் கம்பிகளைத் தளத்துக்கு மேலே நீட்டி விட்டுக் கொடுத்தார் எஞ்சினியர். "இதான் தங்கச்சி நம்ம அரை ரூம்" என்று பாய் கம்பிகளைக் காட்டிப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு எங்கள் ஊருக்கு வரவில்லை. என் மகள் கவரைப்பேட்டைக்குப் போகிறாள். இவர் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றிக்கொண்டு தினம் காலையில் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். அவரை மெஷினை விட்டு ஸ்டோருக்கு மாற்றினார்கள், ஓவர்டைமும் போயிற்று. அதற்கு என்னோடு ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். மகளோடு ஒரு நாள் கூட இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகிறாள். ஒன்றும் கேட்காது. முக்கியமானது என்றால் மட்டும் தோளைத் தட்டி, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, முகத்துக்கு நேரே நின்று சொல்வாளாம்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பழைய தலைவி என்று குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் அவரும் பள்ளிக்குப் போனோம். நல்ல மழை. புது வகுப்பறை வராந்தாவில் ஒதுங்கி நின்றோம். உள்ளே தலைமை ஆசிரியை நான்காம் வகுப்புக்கு ஏதோ பாட்டு நடத்திக்கொண்டிருந்தார். இவர் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் தோளைத் தட்டினார்.

"ஏமே, டீச்சர் பேசறது புள்ளைங்களுக்குக் கேக்குதா?"

நான் அவர் முகத்துக்கு நேரே திரும்பி நின்று, "கேக்குதுய்யா" என்றேன்.

"கடைசி பெஞ்சுக்கு?"

"கடைசி பெஞ்சுக்கும்."