மாசி மாதத்து ஐந்தருவி

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் மாசி மாதத்து ஐந்தருவியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைகள் மூடிக் கிடக்கும். பாறை காய்ந்து, தண்ணீர் இறங்கிய தடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அப்படி ஒரு மாசியில் என் அக்கா அந்தப் பாறைக்குக் கீழே போய், கையூன்றித் தலையைக் குனிந்து நின்றாள். மேலிருந்து ஒரு சொட்டு இல்லை. அவளோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் மூச்சுத் திணறுகிறவளைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு காய்ந்த தலைமுடியைப் பிழிந்துகொண்டே வெளியே வந்து, "ஏட்டி, போதும். வீட்டுக்குப் போவோம். எனக்குச் சரியாயிட்டு" என்றாள். பக்கத்தில் நின்ற நான் அப்போது மருத்துவப் படிப்பை முடித்து, மதுரையில் பயிற்சி டாக்டராக இருந்தேன்.

எங்கள் வீடு தென்காசியில். அக்காவை வடகரையில், வயலும் தென்னந்தோப்புமாக வசதியான குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். பெண் குழந்தை. சில நாளிலேயே அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஓயாமல் பேசினாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எம் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்க" என்று அழுதாள். புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனி மாதம், நல்ல சாரல். அம்மாவும் அக்காவின் மாமியாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, விடிந்ததும் விடியாததுமாக அவளைத் தண்ணீரில் நிறுத்தினார்கள். ஆடி முடிவதற்குள் தெளிந்துவிட்டாள். பிள்ளையைக் கேட்டு வாங்கிப் பால் கொடுத்தாள். அருவிக்கரையில் தேங்காய் உடைத்தார்கள். அப்போது நான் மருத்துவ மாணவி, லீவில் வந்திருந்தேன். எல்லோரோடும் சேர்ந்து நானும்தான் அந்தத் தண்ணீரைக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "நீ டாக்டருக்குப் படிக்கியே, ஒண்ணு சொல்லு. அடுத்த பிள்ளை பெத்தா எனக்கு இது திரும்பவும் வருமாட்டி? அத்தை ஆம்பளைப் பிள்ளை வேணும்னு சொல்லுதாங்க. வரும்னா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்." கிறுக்கு என்று ஊர் பேசிய வாய் மூடாத நேரத்தில், அவள் இவ்வளவு தெளிவாகக் கேட்டாள். மதுரைக்குத் திரும்பி என் பேராசிரியர்களிடம் கேட்டேன். ஒருவர், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். இன்னொருவர் இதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா என்று சிரித்தார். பாடப்புத்தகத்தில் அந்த நோய்க்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஏன் வருகிறது, யாருக்குத் திரும்பும் என்று ஒரு வரி இல்லை. அடுத்த லீவில் வந்து, "தெரியலக்கா" என்றேன். "அங்கன அவ்வளவு பெரிய காலேஜ்ல ஒருத்தருக்குமா தெரியல?" என்றாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

வரும் என்று சொல்ல ஆள் இல்லாததால், வராது என்று ஆகிவிட்டது. ஒரு தை மாதத்தில் பையன் பிறந்தான். மாசியில் நோய் வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. பெரிய ஆஸ்பத்திரிகளில் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று மன்றாடினேன். அக்காவின் மாமியார் கெட்டவர் இல்லை. வடகரை வீட்டுக் கூடத்தில் அவளுக்குத் தலைவாரி விட்டபடியேதான் சொன்னார்: "போன தடவை எதுல சுகமாச்சு? தண்ணியிலதான. கண்ணால பார்த்தோம்லா. உன் மாத்திரையில யாருக்காவது சுகமானதை நீ பார்த்திருக்கியா? ஆனி வரட்டும். தண்ணி விழுந்தா சரியாயிரும்." அத்தானும் அப்பாவும் தலையாட்டினார்கள். அது அருவியால் தீரவில்லை, தானாகவே தணிந்தது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு எதை வைத்துச் சொல்வது? வீடே மேற்கு மலையைப் பார்த்து மேகத்துக்குக் காத்திருந்தது. சோற்றில் விஷம் இருக்கிறது என்று அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. மெலிந்துபோன உடம்பில் காய்ச்சல் கண்டது. வைகாசிக் கடைசியில் போய்விட்டாள். அவள் காரியம் முடிந்த வாரத்தில் சாரல் தொடங்கியது.

வைத்தியப் பட்டத்தோடு ஆராய்ச்சிப் பட்டமும் வேண்டும் என்று வருகிற மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் பிற்காலத்தில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஏன் இரண்டும் என்று கேட்போம். மனிதகுல சேவை, அறிவுத் தாகம் என்று எல்லோரும் ஒரே ட்யூஷனில் படித்ததுபோல ஒப்பிப்பார்கள். பாவம், வேறென்ன சொல்வார்கள்? என்னைக் கேட்டபோது நானும் ஏதோ ஒப்பித்தவள்தான். உள்ளதைச் சொன்னால், எனக்கு இருந்தது ஆத்திரம். ஏன் என்று விளக்கத் தெரியாத டாக்டரின் சொல்லும் ஒரு மாமியாரின் சொல்லும் ஒரே எடைதான் என்று வடகரை வீட்டுக் கூடத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். அவராவது கண்ணால் பார்த்திருந்தார். நோயாளியின் பக்கத்தில் நின்று 'தெரியலை' என்று சொல்ல நேர்ந்தவர்கள்தான் இந்த இரண்டாவது படிப்புக்கு வந்து சேருகிறார்கள் என்று நினைக்கிறேன். தலை நரைக்க ஆரம்பிக்கும்வரை படித்தேன். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்தேன். ஒருமுறை வந்தவளுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு மிக அதிகம், எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று கடைசியில் என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது. கேட்க அக்கா இல்லை.

அக்காவின் மகன் வடகரையிலேயே வளர்ந்தான்; மகளை எங்கள் அம்மாதான் வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்னைத் தேடி வந்தாள். "சித்தி, அம்மாக்கு வந்தது எனக்கும் வருமா?" என்றாள். பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களைப் போட்டுக்கொள்ளும் நான், "வரலாம், வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ பிரசவத்துக்கு நீங்க எம் பக்கத்துல இருங்க" என்றாள்.

இருந்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வந்தவர்களெல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்று யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கினாளா, பேச்சு கூடுகிறதா, தன் பிள்ளை என்று சொல்கிறாளா என்று நாள் முழுக்கப் பார்த்தேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பிள்ளையைப் பாருங்க சித்தி. என்னையே பாக்காதீங்க, பயமா இருக்கு" என்றாள். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டேன். கண் அவளைவிட்டு நகரவில்லை.