ஆக்கினவளின் முன்னால் கேட்ட கேள்வி

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஆனால் என் கைச் சமையலைக் குறை சொன்னவர் ஊரில் ஒருவரும் இல்லை. கலியாண வீடுகளில் உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒக்லண்டுக்கு வந்ததும், ஹில்ஸ்பரோவில் ஒரு மண்டபத்தில் நடந்த ஆங்கில வகுப்பில் மகன் என்னைச் சேர்த்துவிட்டான். ஒருநாள், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லப் பழக்க, டீச்சர் ஆளுக்கொரு கறி கொண்டுவரச் சொன்னா. நான் இறால் குழம்பு கொண்டுபோனேன். பீஜியிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் ஆட்டிறைச்சிக் கறி கொண்டுவந்திருந்தா. எல்லாரும் ருசி பார்த்தோம்.

பிறகு டீச்சர் என்னைப் பார்த்து, "எது ஹொட்டர்?" என்றா. எது கூட உறைப்பு என்று கேட்கிறா. அது பரவாயில்லை, ஆட்டிறைச்சியைக் காட்டினேன். அடுத்ததாக, "எது டேஸ்டியர்?" என்றா.

ஆக்கினவள் பக்கத்தில் இருக்கிறாள்! அவளை வைத்துக்கொண்டு அவள் கறியைத் தராசில் போடுகிறதா? எங்கள் சனம் சம்பந்தி வீட்டில்கூட அப்படிக் கதைக்காது. மரியாதைக்கு அவவின் சட்டியைக் காட்டி, "டேஸ்டியர்" என்றேன். "ஐயோ இல்லை, உங்களுடையதுதான்" என்று அவ சொல்லுவா என்று காத்திருந்தேன். அதுதானே முறை?

அவ சொல்லவில்லை. "யெஸ், மைன் டேஸ்டியஸ்ட்" என்றா. எல்லாத்திலும் ருசி தன்னுடையதாம்! டீச்சர் கைதட்டினா.

மெல்லக் குனிந்து, "தன்ர கறியைத் தானே புகழுறதோ?" என்று தமிழில் கேட்டேன்.

"நீங்கதானே அக்கா சொன்னீங்க? அப்ப பொய்யா சொன்னீங்க?"

பொய்தான். அந்தக் கறிக்கு உப்புக் குறைவு; வாயில் வைத்த உடனேயே எனக்குத் தெரியும். உப்புப் பார்க்கிற இடத்தில் நான் ஒருநாளும் பொய் சொன்னவள் இல்லை.

எழும்பி நின்றேன். "டீச்சர், நோ. ஆட்டிறைச்சி ஹொட்டர். மைன் டேஸ்டியஸ்ட்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது அவதான். "அப்படி வாங்க அக்கா!" என்று சொல்லி, என் குழம்பில் இன்னும் இரண்டு கரண்டி தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டா.

நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த வயது வரைக்கும் என் வாயில் வராத சொல், அத்தனை பேர் முன்னால் வந்தேவிட்டது. தமிழில் இன்றைக்கும் வராது.