ஹேண்டில்பார் மாற்ற எவ்வளவு ஆகும்?

வண்டிக் கடைக்கு வந்து ஹேண்டில்பார் என்ன விலை என்று கேட்பவருக்கு வலிப்பது முதுகாக இருக்கும், இல்லையென்றால் தோள்பட்டை, அதுவும் இல்லையென்றால் மணிக்கட்டு. தினமும் வண்டி ஓட்டி இடுப்பொடிந்து, வீட்டுக்கு வந்ததும் தைலப் புட்டியைத் தேடுகிற என் சக நோயாளிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பல வருஷங்கள் புதுச்சேரி முதலியார்பேட்டையில், அந்துவான் அண்ணனின் மெக்கானிக் கடையில் கவுண்டரில் இருந்தேன். போன் எடுப்பது, பில் போடுவது, சாமான் எடுத்துக் கொடுப்பது, வருகிறவர்களின் கோபத்தை முதல் ஆளாக வாங்கிக்கொள்வது, இவையெல்லாம் என் வேலை. அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவரிடம் வேலை பார்த்த மெக்கானிக் சேகர் அவருக்கும் சேர்த்துப் பேசுவான். புது வண்டிகளெல்லாம் முன்னால் குனிந்து ஓட்டுகிற மாதிரி வர ஆரம்பித்திருந்த காலம் அது. பார்க்க ஜோராக இருக்கும். கொஞ்ச நாள் கழித்து ஓட்டுகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்பார்.

வெறும் பைப்புதானே?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவடிக்குப்பத்திலிருந்து ஓர் அரசு அலுவலக குமாஸ்தா வந்தார். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பேசினார். "உசரமா ஒரு ஹேண்டில்பார் போடணும். எவ்ளோ ஆவும்?" என்றார். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. அலமாரியில் இருந்த பைப்பின் விலையைச் சொல்லிவிட்டேன். முந்நூறு ரூபாய்க்குள்தான் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அந்துவான் அண்ணன் வந்து வண்டியைப் பார்த்தார். பைப் உயர்ந்தால் கிளட்ச் கேபிள் எட்டாது, ஆக்சிலேட்டர் கேபிள் எட்டாது, முன் பிரேக் கேபிளும் எட்டாது, ஸ்விட்ச் ஒயரையும் நீட்டவேண்டும், எல்லாவற்றுக்கும் நீளமானது வேறு வாங்கவேண்டும் என்றார். நான் சொன்ன தொகை மூன்று மடங்காகிவிட்டது.

"வெறும் பைப்புதானேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் குமாஸ்தா. அதில் கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன குரல். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. "யோசிச்சுட்டு வரேன்" என்று போனவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மனைவியோடு வந்தார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மாதான் நேராகக் கவுண்டருக்கு வந்து, எல்லாக் கேபிளையும் மாற்றச் சொன்னார். அவ்வளவு செலவு வேண்டாம் என்று கணவர் வெளியிலிருந்து ஏதோ முனகினார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் சொன்னார்: "இவுரு ராத்திரி முனகுறதைக் கேட்டுக்கினு படுத்திருக்கிறது நான். எனக்குத்தான் வைத்தியம்னு நெனச்சு மாத்திக் குடுங்க."

கரும்புச்சாறு வண்டி

எல்லாருக்கும் அப்படி ஒரு மனைவி அமையாதே. கூரியர் கம்பெனியில் வேலை செய்த ஒரு தம்பி வந்தான். நாள் முழுக்க வண்டியிலேயே இருக்கிறவன். பைப்பை மட்டும் மாற்றினால் போதும், கேபிளெல்லாம் பழையதே எட்டும், இழுத்துக் கட்டுங்கள் என்றான். அண்ணன் முடியாது என்றார். அவன் விடாமல் கேட்கவும், ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பிக் காட்டி, "இப்படித் திரும்பறப்போ ஆக்சிலேட்டர் கேபிள் தானா இழுக்கும். நீ முறுக்காமலே வண்டி பாயும்" என்றார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு. அந்தத் தம்பிக்கோ, நாங்கள் கேபிள் விற்கப் பார்க்கிறோம் என்ற எண்ணம். என்னையும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, வேறு எங்கோ போய் மாற்றிக்கொண்டான்.

அந்த வாரமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் ஈரம், அதில் எலுமிச்சை வாசனை. சிக்னலில் இடது பக்கம் திரும்பியிருக்கிறான், வண்டி தானாகச் சீறிக்கொண்டு போய் ஒரு கரும்புச்சாறு வண்டியில் முட்டி நின்றிருக்கிறது. சாறு பிழிகிறவர் அப்போதுதான் சில்லறை மாற்றப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாராம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். சேகர் வாயைத் திறக்கப் போனதை அண்ணன் கண்ணாலேயே அடக்கினார். அந்தத் தம்பி அதில் உட்காரவில்லை. அண்ணனிடம் மெதுவாகச் சொன்னான்: "திட்டறதா இருந்தா திட்டிடுங்கண்ணே. அப்புறமா வண்டியைப் பாருங்க."

சொல்தாவும் மதாமும்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. உள்ளே வரும்போதே "பொன்ழூர்" என்றார். பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டேன். தலைக்கு மேலே கையைத் தூக்கி, பிரான்சில் இருந்தபோது பார்த்த வண்டி மாதிரி இந்த உயரத்துக்கு வேண்டும் என்றார். சேகர் திரும்பி நின்று சிரித்துக்கொண்டான்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவரை வண்டியில் உட்காரவைத்து, "முசே, கண்ணை மூடிக்கினு கையை நீட்டுங்க. எங்க வலிக்காம இருக்குதோ அங்க நிறுத்துங்க" என்றார். பெரியவர் கண்ணை மூடினார். தலைக்கு மேலே போன கை மெல்ல இறங்கி, நெஞ்சுக்குக் கீழே, விலாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சேகர் அந்த இடத்தில் ஒரு பைப்பைப் பிடித்தான். கண்ணைத் திறந்து பார்த்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இது சாதாரணமாக இருக்கிறதே என்றார். ஆனாலும் அதையே போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவரை மனைவியோடு பார்த்தேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். மனைவி அந்தப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, ரகசியம் போலச் சொன்னார்: "இத்தினி நாளும் நான் குனிஞ்சு ஓட்டுவேன், மதாமுக்குச் சாய முதுகே கிடையாது. இப்ப வழி பூரா என் மேலே சாஞ்சுக்கினு வர்றாம்மா."

எட்டாத கை

ஏழுமலையை மட்டும் என்னால் மறக்கவே முடியாது. வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் உண்டு, அதில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் சாப்பிட முடியாது என்பதால் புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். களத்தில் வழுக்கி விழுந்து வலது முழங்கை முறிந்து, தகடு வைத்துச் சேர்த்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்களில் பிடிமானமும் சரியாக இருந்தது. ஆனால் கை நீளவில்லை. பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. டாக்டர், பிடித்து ஓட்ட முடிந்தால் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். ஹேண்டில்பார் எட்டவில்லை. முதல் ஷிப்டு நேரத்துக்கு அந்த ஊரிலிருந்து பஸ் கிடையாது. திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம், அவருடைய மச்சான் வண்டியை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார்.

"எவ்ளோ ஆனாலும் பரவால்லண்ணே" என்றார். அப்படிச் சொல்கிறவர்களிடம் காசு இருக்காது என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அந்துவான் அண்ணன் அவரையும் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். கை வந்து நின்ற இடத்துக்குக் கடையில் இருந்த எந்தப் புதுப் பைப்பும் வரவில்லை. சேகர், இருக்கிற பைப்பையே வளைத்து வெல்டிங் வைத்துவிடலாம் என்றான். "பள்ளத்துல இறங்கறப்போ வெல்டிங் விட்டா?" என்று கேட்டார் அண்ணன். பிறகு அண்ணனே பரண்மேல் ஏறினார். வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன பழைய ஹேண்டில்பார்கள் அங்கே கிடந்தன. ஒவ்வொன்றாக இறக்கி, மாட்டி, பிடிக்கச் சொல்லி, கழற்றினார்கள். ஒன்று எட்டியது, ஆனால் வண்டியைத் திருப்பினால் டேங்கில் இடித்தது. இன்னொன்று ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. கையை வலுக்கட்டாயமாக நீட்டி, "இது சரியா இருக்குதுண்ணே" என்றார் ஏழுமலை. நெற்றியில் வியர்வை. அண்ணன் அதையும் கழற்றினார்.

கடைசியில், எந்தக் காலத்து வண்டியினுடையதோ, இரண்டு முனையும் ஓட்டுகிறவரை நோக்கி நன்றாகப் பின்னால் வளைந்து வருகிற ஒரு பைப் கிடைத்தது. துரு பிடித்திருந்ததே தவிர எங்கும் விரிசல் இல்லை. அதை மாட்டியதும் ஏழுமலையின் கை தானாக வந்து கிரிப்பில் உட்கார்ந்தது. கேபிளெல்லாம் சரியாக எட்டுகிறதா என்று இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார்கள். முதலில் அண்ணன் ஓட்டிப் பார்த்தார், பிறகு ஏழுமலையை ஓட்டவிட்டு அவரே பின்னால் உட்கார்ந்துகொண்டார். தெருமுனை வரை போய்த் திரும்பி, பெரிய ரோட்டுக்கும் போனார்கள். வெகுநேரம் காணவில்லை. நான் வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்தேன். மச்சான் வாசற்படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, வழியில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். என்ன பில் போடட்டும் என்று அண்ணனைக் கேட்டேன். பழைய பைப்புக்கு விலை கிடையாது, கிரிப்புக்கு மட்டும் போடு என்றார்.

திங்கட்கிழமை ஏழுமலை ஷிப்டுக்குப் போனார். வேலை நிலைத்தது. தினமும் கைக்குப் பயிற்சி செய்திருக்கிறார். அடுத்த வருஷம் பொங்கல் முடிந்து ஒருநாள் வந்தார், கோணிப்பையில் சுற்றிய அவருடைய வண்டியின் சொந்த ஹேண்டில்பாரோடு. கையை முக்கால்வாசி நீட்டிக் காட்டினார். இனி இதுவே எட்டும், மாற்றிக் கொடுங்கள் என்றார். சேகர் மாற்றிக் கொடுத்ததும், கழற்றிய அந்தப் பழைய பைப்பை ஏழுமலை துணியால் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தார். அதற்கு அவர் அலுமினியப் பெயிண்ட் வேறு அடித்து வைத்திருந்தார். "பரண்மேலயே வைங்கண்ணே. கை நீட்ட முடியாதவன் இன்னொருத்தன் வருவான்."

என் வண்டியைக் காணோம்

ஊரார் முதுகையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கழுத்து வலி வந்தது. ஒரு மொபெட்டில் தினமும் டவுனைக் குறுக்கே கடந்து வருவேன். கொஞ்ச நாளில் இரண்டு கை விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. டாக்டர் கழுத்துக்குப் பட்டை கொடுத்தார். வேலையை விட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். எனக்கு விட மனமில்லை. வீட்டில் எல்லாருக்கும் நான் அம்மா, மனைவி, மருமகள். கடையில்தான் ஜெசிந்தா. ஆனாலும் வலி பொறுக்கமுடியாமல், மாதக் கடைசியில் நின்றுகொள்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

அன்று சாயங்காலம் கிளம்ப வெளியே வந்தால் என் வண்டியைக் காணவில்லை. அந்த இடத்தில், ஹேண்டில்பார் உயர்ந்து பின்னால் வளைந்த வேறொரு மொபெட் நின்றது. கூடையில் என் குடை இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. புதுப் பைப், புதுக் கேபிள்கள், கைக்கு மெத்தென்று தடித்த கிரிப். உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து நிமிர்ந்தது, முழங்கை விலாவோடு வந்து நின்றது. நான் கண்ணை மூடிக் கை நீட்டிக் காட்டியதே இல்லை. கவுண்டரில் நான் சாய்ந்து உட்காரும் விதத்தைப் பார்த்தே அண்ணன் அளவெடுத்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் ஏதோ எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிமிரவே இல்லை. என்ன செலவாயிற்று என்று சேகரைக் கேட்டேன். என் கண் கலங்குவதைப் பார்த்து அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்கக்கா. நீங்க நின்னுட்டா போன் எடுக்க இங்க ஆள் இல்ல."

அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கே இருந்ததில், எங்கள் கடைக்கு நன்றிக்கடன் பட்ட மனிதர்கள் ஊர் முழுக்கச் சேர்ந்துவிட்டார்கள் என்றாலும், எதிரே வண்டியில் வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் முழங்கையையே பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டதால், அவர்களில் பாதிப் பேர் என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.