டீச்சர் சொன்ன விஷமம்

மட்டாஞ்சேரியில் நம் தமிழ் ஆராதனைக்கு வருகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். இருந்தும் இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கர்த்தர் என் மகளைத் திருப்பிக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிச் செய்தால் அவர் என்னை எந்தப் பள்ளத்திலிருந்து தூக்கினார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

1986 ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். கொட்டுகிற மழையில் எட்டு வயது ரூபியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது என்றார் டாக்டர். "குட்டிக்கு மூணு நாலு திவசமாயிட்டு நல்ல வேதன உண்டாயிருக்கும். வீட்டில ஒண்ணும் பறஞ்ஞில்லே?" என்று கேட்டார். மூன்று நாலு நாள் வலித்தும் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் சாட்சி.

நான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1980இல் வந்து, துறைமுகம் இருக்கிற ஐலண்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தேன். சுள்ளிக்கல்லில் வாடகை வீடு. ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அந்த வருஷம் கற்க வேண்டியதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதுவேன். ஒரு வருஷம் ஃபோர்ட்ரான். அடுத்த வருஷம் கோபால். இரண்டும் கம்ப்யூட்டருக்கான மொழிகள். "யாரு அந்தக் கோபாலு? எந்நேரமும் அவரு பேச்சாவே இருக்கு" என்று என் மனைவி செல்வி கேலி செய்வாள். எழுதியதை முடிக்காமல் நான் விட்டதே இல்லை.

மலையாளம் மட்டும் அந்தப் பக்கத்தில் ஏறவில்லை. ஆபீசில் இங்கிலீஷ், சபையில் தமிழ், மீன்காரரிடம் பேசச் செல்வி. தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசினால் மலையாளம், இதைப் போய் உட்கார்ந்து படிப்பார்களா என்று நினைத்தேன். ரூபியோ மலையாளப் பள்ளியில் படித்தாள். கனவில் பேசினாலும் மலையாளத்தில்தான் பேசுவாள்.

அப்போது உங்களில் பலர் என்னைத் தர்மவான் என்று மெச்சினீர்கள். தோப்பும்படிப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய்க் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன்; அதற்குப் பலகையில் எண்களும் கொஞ்சம் இங்கிலீஷும் போதும். வருஷா வருஷம் அங்குள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். சபை அறிவிப்பில் என் பெயரை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன். காது மட்டும் நிமிர்ந்தே இருக்கும்.

அந்த மே மாதம் செல்வி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று ரூபியை நான்தான் அனுப்பவில்லை. பள்ளி விட்டதும் அவள் பக்கத்து வீட்டு ரோசம்மா சேச்சியிடம் இருப்பாள். நான் ஏழு மணிக்கு வந்து அழைத்துப்போவேன். சோறு போடுவேன், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பேன். அதற்குமேல் பேச்சு இருக்காது.

ஜூன் கடைசியில் ஒருநாள் காலை ரூபியை விடப்போனபோது பள்ளி வாசலில் அவளுடைய டீச்சர் என்னை நிறுத்தினார்.

"சாரே, மோளுக்கு இப்போ வல்லாத்த விஷமமா. வீட்டில ஒண்ணு ஸ்ரத்திக்கணே."

விஷமம் என்றால் நமக்குக் குறும்பு, சேட்டை. மகள் வகுப்பில் அட்டகாசம் செய்கிறாள், வீட்டில் கண்டித்து வையுங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு மானம் போய்விட்டது. இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறவன் மகள் இப்படியா?

அன்று இரவு வீட்டுக்கு வந்து ரூபியை முழங்காலில் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் குறும்பைச் சேட்டை என்றுதான் சொல்வோம். அன்று டீச்சர் சொன்ன வார்த்தையையே நானும் எடுத்து வீசினேன்.

"ஏட்டி, இனிமே விஷமம்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்துச்சுன்னா உங்க அம்மா இங்க வரவே மாட்டா. அங்கேயே இருந்துக்கிடுவா. புரிஞ்சுதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் சத்தமே இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்னபோது படுத்தாள். அடுத்த ஞாயிறு சபையில் நான் எழுந்து சாட்சி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "ஒரே கண்டிப்பில் என் மகளைக் கர்த்தர் மாற்றினார்" என்றேன். நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் சாப்பிடவில்லை, சுருண்டு படுத்திருந்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். சேச்சி வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போனேன். பின்னப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சேச்சி ஆள் அனுப்பினார். ரூபி மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள்.

அறுவை நடந்தது. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். செல்விக்கு அது நிறைமாதம், தகவல் சொல்லவும் பயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டேன். அங்கே நான் செய்த ஜெபத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "ஆண்டவரே, எத்தனை பிள்ளைகளுக்கு நான் செய்திருக்கிறேன், எத்தனை சனிக்கிழமை கொடுத்திருக்கிறேன், என் பிள்ளைக்கு இப்படிச் செய்யலாமா?" வேலைக்குச் சேர்கிறவன் சர்டிபிகேட்டை நீட்டுவதுபோல என் தர்மத்தை அவரிடம் நீட்டினேன்.

மூன்றாம் நாள் அவள் கண் விழித்தாள். ஆனால் காய்ச்சல் மறுபடி ஏறியது. உள்ளே எங்கோ சீழ் கட்டியிருக்கிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். எங்கே வலிக்கிறது என்று அழுத்தி அழுத்திக் கேட்டார். எதற்கும் அவள் தலையை ஆட்டினாள். வலி இல்லை, ஒன்றுமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை வாய் திறந்தால்தான் வழி தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அப்போது என்னிடம் நீட்ட ஒன்றும் மிச்சமில்லை. "ஆண்டவரே, இவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவனுக்கே தெரியவில்லை. இவள் வாயைத் திறந்தருளும்" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரோசம்மா சேச்சி கஞ்சியோடு வந்தார். கட்டில் பக்கம் குனிந்து, அவள் நெற்றியைத் தடவி, "எந்தா மோளே, வல்லாத்த விஷமமுண்டோ?" என்றார்.

ரூபி அவரைப் பார்க்கவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"இல்லப்பா! எனக்கு விஷமம் இல்ல. சத்தியமா இல்லப்பா. அம்மாவ வர வேண்டாம்னு சொல்லிராதீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படுத்துக் கெடக்கிற பிள்ள என்ன சேச்சி விஷமம் பண்ணும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"விஷமம்னு பறஞ்ஞா சங்கடமல்லே சாரே? உள்ளில சங்கடம். சாரின்டெ நாட்டில வேறயாணோ?"

டீச்சர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. பிள்ளை தாங்க முடியாத துக்கத்தில் இருக்கிறாள், வீட்டில் கவனியுங்கள் என்று அந்த அம்மாள் கெஞ்சியிருக்கிறார். நானோ, துக்கப்பட்டால் அம்மா வரமாட்டாள் என்று எட்டு வயதுப் பிள்ளையை மிரட்டியிருக்கிறேன். அவளும் துக்கத்தை ஒளித்தாள், அதோடு வலியையும் சேர்த்து ஒளித்தாள்.

கட்டிலருகே முழங்கால் போட்டேன். "அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாம போச்சு பாப்பா. தப்பு அப்பா மேலதான். வலிச்சா சொல்லும்மா, அழணும்னா அழு. அம்மா கட்டாயம் வருவா" என்றேன். அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இங்க, இங்கதான்" என்றாள். அன்று மாலையே டாக்டர் அந்த இடத்தைத் திறந்து சீழை எடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. செப்டம்பரில் செல்வி எங்கள் மகனோடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஜனவரியில் டைரியில் மலையாளம் என்று எழுதினேன். ரூபியின் பாடப்புத்தகம்தான் எனக்கும். என் நோட்டில் அவள் போட்ட சிவப்பு வட்டங்களைப் பார்த்தால் என் ஆபீசில் சிரிப்பார்கள். ஓரளவு பேச வந்ததும், பிள்ளைகள் இல்லத்தில் முதல்முறையாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். குடை என்றார்கள். அத்தனை வருஷமாக மழையில் நனைந்த பிள்ளைகளுக்கு நான் ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்து ரூபிக்கு வாசித்துக் காட்டினேன், தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் சரளமாக வராது. முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அழுதத மட்டும் எழுதிருக்கீங்க. அப்பா என்னவிட சத்தமா அழுதீங்கல்ல? நர்ஸ் வந்து சத்தம் போட்டாங்களே" என்றாள்.

வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன் என்றேன்.

"எழுதுங்கப்பா" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். வார்டில் எல்லோரும் பார்க்க, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு கதறி அழுதேன். கர்த்தருக்குக் காட்ட என்னிடம் நல்லது ஒன்றும் இல்லாதபோதுதான் அவர் எனக்குப் பதில் கொடுத்தார். உங்களிடமும் ஒன்றும் இல்லையென்றால் வெட்கத்தோடேயே அவரிடம் போங்கள். என்னைச் சேர்த்துக்கொண்டவர் உங்களையும் சேர்த்துக்கொள்வார்.