பாக்ஸர் நாயும் பச்சையில்லாத பாசியும்

பேச்சு வராத நோயாளியையும் பேச்சை நிறுத்தாத சொந்தக்காரரையும் ஒரே டோக்கனில் பார்ப்பதுதான் கால்நடை வைத்தியம். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேய்த்தால் போகாதா?

போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சாமுவேல், தேனியில் என் கிளினிக்குக்கு ராக்கியைக் கூட்டிவந்தார். நாலு வயது பாக்ஸர் நாய். இரண்டு மாதமாக ரத்தக் கழிச்சல். மூன்று டாக்டர்கள் பூச்சி மருந்தும் ஊசியும் போட்டுப் பார்த்தாயிற்று.

மலக்குடலில் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஆரஞ்சுச் சுளைபோல் உள்ளே கூறுகூறாகப் பிரிந்த உருண்டைகள். படிக்கிற காலத்தில் படமாகப் பார்த்தது, நேரில் அன்றுதான். அழுக்குத் தண்ணீரில் வாழும், பச்சை நிறமே இல்லாத ஒரு பாசி அபூர்வமாக நாய்க்குள் குடியேறிவிடும் என்று விளக்கினேன். சாமுவேல் பொறுமையாகக் கேட்டார்.

"பாசிதானா? புளியப் போட்டுத் தேய்ச்சா எந்தப் பாசியும் போயிரும் டாக்டரம்மா. உள்ளுக்குக் குடுக்கலாமா?"

கட்டம் இல்லை

உறுதிப்படுத்த வெளியூர் லேபுக்கு சாம்பிள் அனுப்பினேன். 'ஈஸ்ட்', அதாவது வெறும் பூஞ்சை என்று ரிப்போர்ட் வந்தது. லேப்காரருக்குப் போன் போட்டு, உருண்டைகளின் உள்ளே பார்த்தீர்களா என்றேன். பார்த்தாராம். பாசி மாதிரிதான் இருந்ததாம்.

"ஆனா எங்க கம்ப்யூட்டர்ல பாசிக்குக் கட்டமே இல்ல மேடம். ஈஸ்டுன்னு போட்டாத்தான் ரிப்போர்ட் வெளிய வரும்."

சீனியர்

ஸ்லைடைப் படமெடுத்து டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள். ரிட்டயரான சீனியர் ஒருவர் மட்டும் அக்கறையாகக் கூப்பிட்டார்.

"நம்ம ஜில்லாவுல அந்த நோயே கெடையாதும்மா. இருந்தா நான் ஒரு தடவையாவது தேடியிருக்க மாட்டேனா?"

சோபா

பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுத்தான் மாத்திரை ஆரம்பித்தேன். இன்னொரு லேபுக்கும் சாம்பிள் போனது. அதற்குள் பாசி கண்ணுக்கு ஏறி, ராக்கிக்குப் பார்வை போய்விட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஹாலில் ஒரு சாமான் இல்லை. வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று சாமுவேலின் மனைவி கிரேஸிடம் கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா, சோபாவெல்லாம் மாடியில கெடக்கு. வர்றவுக நின்னு பேசிட்டுப் போகட்டும். இது எங்கனயும் முட்டாம நடக்கணும்ல?"

ரிசல்ட்

ராக்கி செத்து ஒன்பதாம் நாள் இரண்டாவது லேபின் பதில் வந்தது: பாசியேதான். அத்தனை நாள் நான் ஏங்கிக் கிடந்த காகிதம். சாமுவேலிடம் நீட்டும்போது கை கூசியது. அவர் இரண்டு தரம் படித்துவிட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது தப்பா இருக்கணும்னுதான் தெனமும் ஜெபம் பண்ணுனோம் டாக்டரம்மா. கோவிச்சுக்கிறாதீக."

என் திறமைக்கு எதிராக நடந்த ஜெபத்துக்கு நானும் உள்ளூர ஆமென் சொன்னது, இத்தனை வருஷத்தில் அந்த ஒரு கேஸில்தான்.